நூலுக்கு நடந்த வழக்கு

ரோமாபுரியின் மத விசாரணை மன்றம் என்றதும் நம் தோழர்களின் நினைவுக்கு வருவது புரூனோவை எரித்த தீ. கலிலியோவை மண்டியிட வைத்த மண்டபம். 1600-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், ரோம் நகரத்துச் சந்தைத் திடலில், எண்ணியதைச் சொன்ன குற்றத்துக்காகப் புரூனோ உயிரோடு கொளுத்தப்பட்டான். 1633-ஆம் ஆண்டு, பூமி சுழல்கிறது என்ற உண்மையை எழுதிய குற்றத்துக்காக, எழுபது வயதை நெருங்கிவிட்ட கலிலியோ தன் கருத்தைத் தானே மறுக்க வேண்டியதாயிற்று. இவை கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிப்போன செய்திகள். ஆனால், புரூனோவின் விசாரணையில் பங்குகொண்ட பெல்லார்மின் என்ற பெரிய குரு, 1616-இல் கலிலியோவை அழைத்து எச்சரித்த அதே கர்தினால் பெல்லார்மின், நம் மதுரையிலிருந்து கிளம்பிக் கடல் கடந்து போன ஒரு வழக்கைக் கேள்விப்பட்டுத் திடுக்கிட்டார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய உறவினர். சாட்டப்பட்ட குற்றம் என்ன தெரியுமா? பூணூல் போட்டது, குடுமி வைத்தது, நெற்றியில் சந்தனம் பூசியது, நாள் தவறாமல் நீராடியது!

சிரிப்பு வருகிறதல்லவா? அன்று யாரும் சிரிக்கவில்லை. மதுரையில் தொடங்கி, கொச்சி, கோவா, லிஸ்பன், ரோம் என்று ஐந்து ஊர்களில் அந்த நூலுக்காக ஏடுகள் எழுதப்பட்டன, மறுப்புகள் எழுதப்பட்டன, மறுப்புக்கு மறுப்பும் எழுதப்பட்டது. சுமார் பதின்மூன்று ஆண்டுகள் ஒரு மனிதரின் தலைக்குமேல் மதத் துரோகி என்ற பழி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பெயர் இராபர்ட் தெ நொபிலி. தமிழகம் அவருக்கு இட்ட பெயர் தத்துவ போதகர்.

அருளானந்தரைத் தெரிந்தவர்கள் ஓரியூருக்குப் போய் வருகிறார்கள். வீரமாமுனிவருக்குச் சென்னைக் கடற்கரையில் சிலை நிற்கிறது. அந்த இருவருக்கும் முன்னால் வந்து பாதை வெட்டியவர் இந்த நொபிலிதான். பாதை வெட்டியவர் என்பதால் பாராட்டும் இவருக்கு உண்டு. அந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விட்டது என்ற கேள்வியும் இவருக்கு உண்டு. இரண்டையும் நாம் சொல்லத்தான் போகிறோம்.

1577-ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தவர். சாதாரணக் குடும்பமல்ல, பிரபுக் குடும்பம். போப்பாண்டவரும் கர்தினால்களும் உறவுமுறை கொண்டாடிய வீடு. மூத்த மகன் என்பதால் பட்டமும் சொத்தும் அவரைத் தேடி வந்தன. அவரோ, வேண்டாம் என்று உதறினார். குடும்பத்தார் தடுத்தும் கேளாமல், நேப்பிள்ஸ் நகரில் இயேசு சபையில் சேர்ந்தார். 1604-இல் லிஸ்பனில் கப்பலேறினார். நடுவழியில், மொசாம்பிக் கரையோரம், அந்தக் கப்பல் உடைந்தது. அங்கே மாதக்கணக்கில் காத்துக் கிடந்து, 1605 மே மாதத்தில் கோவாவில் கால் வைத்தார். முத்துக் குளிக்கும் கரையில் தங்கித் தமிழ் எழுத்துக் கற்றார். 1606 நவம்பர் மாதத்தில் மதுரைக்கு வந்து சேர்ந்தார். வயது இருபத்தொன்பது.

மதுரையை அப்போது ஆண்டவர் முத்துக் கிருஷ்ணப்ப நாயக்கர். திருமலை நாயக்கர் மகால் எழுவதற்கு முந்திய மதுரை அது. கோவிலைச் சுற்றித் தெருக்கள், தெருக்களில் மடங்கள், மடங்களில் மாணாக்கர் கூட்டம். பதினாயிரம் பேருக்குமேல் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள் என்று நொபிலி தம் கடிதமொன்றில் கணக்குச் சொல்கிறார். படித்தவர்கள் யார், படிக்க வைத்த மானியம் யார் உழைப்பிலிருந்து வந்தது என்ற கணக்கை அவர் எழுதவில்லை. அது நமக்குத் தெரியும்.

அந்த ஊரில் அவருக்கு முன்பே ஒரு பாதிரியார் இருந்தார். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியர், முன்னாள் போர்வீரர். சிறு கோவிலொன்று, பள்ளிக்கூடமொன்று, நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் இடமொன்று, எல்லாம் வைத்திருந்தார். கடற்கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்த பரதவர்கள் அங்கே வழிபட்டார்கள். பத்தாண்டுக்கு மேலாக அவர் உழைத்தும் மதுரை மக்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏன்? ஊரார் கண்ணில் அவர் பறங்கி. பறங்கி என்றால் மாட்டிறைச்சி தின்பவன், மது குடிப்பவன், குளிக்காதவன், தீண்டத்தகாதவனோடு ஒன்றாகப் பழகுகிறவன். கிறித்துவன் ஆவது என்றால் பறங்கிச் சாதியில் சேர்வது என்று ஊர் எண்ணியது. வேடிக்கை என்னவென்றால், பாதிரிமார்களும் அப்படியேதான் எண்ணியிருக்கிறார்கள். திருமுழுக்குப் பெற வருகிறவனிடம், பறங்கிக் குலத்தில் புகச் சம்மதமா என்று கேட்கும் வழக்கம் கடற்கரையில் இருந்தது. கடவுளிடம் போக வந்தவனைக் கப்பல்காரனின் குலத்தில் சேர்த்துவிட்டால் யார்தான் வருவான்?

இந்த முடிச்சை வந்த சில வாரங்களிலேயே நொபிலி கண்டுகொண்டார். கூரிய அறிவு! நம்பிக்கை வேறு, நடையுடை வேறு; கிறித்துவன் ஆகிறவன் போர்த்துகீசியன் ஆகவேண்டிய அவசியமில்லை; தமிழன் தமிழனாகவே இருக்கலாம் என்றார். வெள்ளைத் தோல் கண்ட இடமெல்லாம் தன் சட்டையையும் தொப்பியையும் தெய்வீகமாக்கித் திணித்த காலத்தில் ஒரு வெள்ளையர் இப்படிச் சொன்னார் என்பது சிறு செய்தியா? நாம் அதைக் குறைத்துப் பேச மாட்டோம்.

சொன்னபடி செய்தும் காட்டினார். கருப்பு அங்கியைக் கழற்றினார், காவி உடுத்தினார். தோல் செருப்பை விட்டு மரத்தாலான பாதக்குறடு மாட்டினார். கையில் கோலும் கமண்டலமும். இறைச்சி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டார். நாளுக்கு ஒருவேளைச் சாப்பாடு. சோறு, பால், கீரை, காய், அவ்வளவுதான். அதையும் பார்ப்பனச் சமையற்காரர் ஆக்க வேண்டும். உயர்சாதியார் வாழும் பகுதியில் ஒரு குடிசையில் குடியேறினார். பார்க்க வந்தவர்களை உடனே விடுவதில்லை. சுவாமி தியானத்தில் இருக்கிறார், பிறகு வரலாம் என்று வாசலில் இருப்பவர் திருப்பி அனுப்புவார். இரண்டாம் முறை, மூன்றாம் முறை வந்தால்தான் தரிசனம். ஊர் வியந்தது. மேல்நாட்டிலிருந்து வந்த ஒரு மகான், வெளியே வராத துறவி, மௌன ஞானி என்ற பேச்சு மதுரைத் தெருக்களில் பரவியது.

மொழிக்கு வருவோம். தமிழைக் கசடறக் கற்றார். தெலுங்கும் பேசினார். சிவதருமர் என்ற தெலுங்குப் பார்ப்பனர் அவருக்கு வடமொழி கற்பித்தார். வடமொழியை முறையாகக் கற்றுத் தேர்ந்த முதல் ஐரோப்பியர் என்று நொபிலியை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். வெளியாருக்கு வேதத்தைக் காட்டிக்கொடுத்தால் தலைக்கே ஆபத்து என்றிருந்த நாள். சிவதருமர் அந்த ஆபத்தைச் சுமந்துகொண்டு ஏடு எழுதிக் கொடுத்தார். 1609-இல் அவரே திருமுழுக்கும் பெற்றார். ஒரு சொல் சொல்லாமல் இதைக் கடக்க முடியவில்லை. இந்த மண்ணை உழுதவன் மகனின் காதில் விழக்கூடாது என்று காத்துவைத்த மறை, கடல் கடந்து வந்த பிரபுவின் மகனுடைய கைக்குப் போய்ச் சேர்ந்தது!

தமிழ் உரைநடைக்கு அவர் செய்தது பெரிது. உரைநடை என்றால் செய்யுளுக்கு எழுதும் விளக்கம் என்றிருந்த காலத்தில், வாதம் செய்ய, மறுக்க, கதை சொல்லிப் புரியவைக்க உரைநடையைக் கையாண்டார். ஞானோபதேசம், ஆத்தும நிருணயம், தூஷண திக்காரம், புனர்ஜென்ம ஆட்சேபம் என்று பல நூல்கள். பெயரைப் பார்த்தாலே தெரியும், வடசொல் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கிறது. இருந்தும் பழைய நிலையோடு ஒப்பிட்டால் அது முன்னேற்றம். அவருக்கு முன்னிருந்தவர்கள் போர்த்துகீசியச் சொற்களை அப்படியே தமிழில் உருட்டினார்கள். அவர்கள் வழிபாட்டுக்குச் சொன்ன மிஸா என்ற சொல் தமிழன் காதில் மீசை என்று விழுந்தது. மீசை காணப் போகிறேன் என்று எவன் கோவிலுக்குப் போவான்? நொபிலி அதைப் பூசை என்று மாற்றினார். தமிழ்க் கிறித்துவர் நாவில் அந்தச் சொல் நிலைத்துவிட்டது.

இனி, நமக்கும் அவருக்கும் உள்ள வழக்குக்கு வருவோம்.

மறுபிறவி என்பது பொய் என்று நொபிலி நூலே எழுதினார். முன்பிறப்பில் செய்த வினைதான் இப்பிறப்பில் உயர்வு தாழ்வாக வருகிறது என்ற கொள்கையை வரிவரியாக அறுத்தார். நல்லது. சாதிக்கு இந்த நாட்டில் சொல்லப்பட்ட காரணமே அதுதானே? முன்வினை பொய்யென்றால், ஒருவன் பிறப்பால் உயர்ந்தவன், இன்னொருவன் பிறப்பால் தாழ்ந்தவன் என்பதற்கு வேறு என்ன ஆதாரம் மிச்சமிருக்கிறது? வேரை வெட்டிய கை மரத்தையும் சாய்த்திருக்க வேண்டுமல்லவா?

சாய்க்கவில்லை. வேரை வெட்டியவர் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பறங்கி என்ற பழி மூன்று காரணங்களால் வந்தது என்று பார்த்தோம். மாட்டிறைச்சி, மது, தீண்டத்தகாதவனோடு பழகுதல். முதல் இரண்டையும் நொபிலி விட்டார். அது அவர் சாப்பாடு, அவர் விருப்பம். மூன்றாவதையும் விட்டாரே, அதைத்தான் நாம் கேட்கிறோம். பெர்னாண்டசின் கோவில் வேறு, அவர் கோவில் வேறு என்றாக்கினார். பரதவக் கிறித்துவர்கள் அவர் குடிசைப் பக்கம் வரலாகாது. தன் சபையைச் சேர்ந்த பெர்னாண்டசோடுகூட வெளிப்படையாகப் புழங்கக் கூடாது. தம் குடிசை வாசலில் ஓலையொன்றை எழுதி ஒட்டினார்: தாம் பறங்கியல்ல, பறங்கி நாட்டில் பிறந்தவரல்ல, ரோமாபுரியில் உயர்குடியில் பிறந்த துறவி, தாம் போதிக்கும் மார்க்கத்தில் சேர எவரும் தம் சாதியை விடவேண்டியதில்லை என்பது அந்த ஓலையின் கருத்து.

சாதியை விடவேண்டியதில்லை! உயர்சாதியாருக்கு அது இனிப்பான செய்தி. சாதியால் மிதிபட்டவனுக்கு?

நொபிலி கெட்ட எண்ணத்தில் இதைச் செய்யவில்லை. ஆனால் அவர் பிரபு வீட்டுப் பிள்ளை. ஐரோப்பாவில் பிரபு வேறு, குடியானவன் வேறு; இருவரும் ஒரே கடவுளைக் கும்பிடுகிறார்கள், ஒரே மேசையில் உண்பதில்லை. அதைப் போன்றதுதான் இந்தச் சாதியும், உலக வழக்கம், மதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று கணக்குப் போட்டார். பூணூல் என்பது குலத்தின் அடையாளம், பிரபு வீட்டுச் சின்னம் மாதிரி என்று லத்தீன் மொழியில் ஏடு ஏடாக எழுதினார். மனுநூலையும் மேற்கோள் காட்டினார். ஆனால் ஐரோப்பியக் குடியானவனைத் தொட்டால் பிரபு குளிக்க ஓடவில்லையே! அவன் நிழலுக்குத் தீட்டு இல்லையே! இந்த வேறுபாடு அவ்வளவு கூரிய கண்ணுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? மேலேயிருந்து பார்க்கும்போது படிகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். கீழ்ப்படியில் நிற்பவனைக் கேட்டால்தான் உயரம் விளங்கும்.

கீழ்ப்படியில் நின்றவன் எத்தனை காலம் நின்றான்? மேலூர்ப் பக்கத்துத் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நொபிலி வாழ்ந்த அதே மதுரையில், மீனாட்சி கோவிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைய 1939 ஜூலை 8-ஆம் நாள் வரவேண்டியிருந்தது. வைத்தியநாத ஐயரோடு அன்று உள்ளே போனவர்களில் ஒருவர் மேலூரை அடுத்த தும்பைப்பட்டிக் கக்கன். நொபிலி மதுரைக்கு வந்து முந்நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து!

பெர்னாண்டஸ் சும்மா இருக்கவில்லை. 1610-இலேயே மேலிடத்துக்குப் புகார் எழுதினார். நொபிலி கிறித்துவத்தை மறைக்கிறார், புறச்சமயச் சின்னங்களை அணிகிறார், சடங்குகளைக் கலக்கிறார், கிறித்துவரை இரண்டாகப் பிரிக்கிறார். இப்படிக் குற்றப்பட்டியல் நீண்டது. முன்னாள் சிப்பாய்க்கு வடமொழி தெரியாது, தத்துவம் தெரியாது. எழுதியதில் பொறாமையும் கலந்திருக்கலாம். ஒரே கடவுளுக்கு இரண்டு கோவிலா என்ற அந்த ஒரு பகுதியை மட்டும் படிக்கும்போது, அந்த முரட்டுக் கிழவர் பக்கம் நம் மனம் சாய்கிறது. ஆனால் மேலிடத்தார் பிடித்துக்கொண்டது அதையல்ல, பூணூலை!

புகார் ரோம் வரை போயிற்று. பெல்லார்மின் வருந்தினார், கிறித்துவின் நெறிக்குப் பார்ப்பன வேடம் எதற்கு என்ற முறையில் உறவினருக்குக் கடிந்து எழுதினார். நொபிலியின் பதிலைப் படித்த பிறகே அவர் மனம் மாறியது. சபையின் மேலதிகாரிகளில் சிலர் ஆதரித்தார்கள், சிலர் எதிர்த்தார்கள். அதிகாரி மாறும்போதெல்லாம் நொபிலியின் கை கட்டப்படும், பிறகு அவிழும். கடைசியில், 1619-ஆம் ஆண்டு, கோவாவில் பெருஞ்சபை கூடியது. தலைமை, கோவா பேராயர் கிறிஸ்டோவாவோ தெ சா, நொபிலியின் பகைவர்.

அந்தக் காட்சியை எண்ணிப் பாருங்கள். பட்டும் பொன்னும் அணிந்த குருமார் நடுவில், காவி உடுத்தி, சந்தனம் பூசி, மெலிந்த உடலோடு ஒரு வெள்ளையர். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் அஞ்சவில்லை. எழுதிக்கொண்டுவந்த வாதங்களை எடுத்து வைத்தார். பெரும்பான்மையோர் அவருக்கு எதிராகவே கருத்துச் சொன்னார்கள். கோவா மத விசாரணை மன்றத்தைச் சேர்ந்த அல்மெய்தா என்பவரோ நொபிலி பக்கம் நின்றார். கோவா மத விசாரணை மன்றம் எத்தனை பேரை எரித்தது என்பதை அறிந்தவர்களுக்கு இது விந்தையாகத்தான் இருக்கும். வழக்கு லிஸ்பனுக்குப் போயிற்று. லிஸ்பனிலிருந்து ரோமுக்குப் போயிற்று.

1623 ஜனவரி 31-ஆம் நாள், பதினைந்தாம் கிரகோரி போப்பாண்டவர் தீர்ப்பளித்தார். மேலும் ஆராய்ந்து முடிவு செய்யும் வரை பூணூல் போடலாம், குடுமி வைக்கலாம், சந்தனம் பூசலாம், நீராடலாம். மூடநம்பிக்கை மட்டும் கலக்கக் கூடாது. நொபிலி வென்றார்!

அந்த ஆணையில் இன்னொரு பகுதியும் உண்டு. உயர்குடியிலிருந்து வந்த கிறித்துவர்கள் தாழ்ந்த குடியிலிருந்து வந்தவர்களை இகழ வேண்டாம், கோவிலிலும் வழிபாட்டிலும் ஒதுக்க வேண்டாம் என்று போப்பாண்டவர் கேட்டுக்கொண்டார். பூணூலுக்குக் கிடைத்தது உத்தரவு. தாழ்த்தப்பட்டவனுக்குக் கிடைத்தது வேண்டுகோள்.

இதே ரோமாபுரி, இதே நூற்றாண்டில், இன்னொரு துறவியை எப்படி நடத்தியது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மிகேல் தெ மொலினோஸ் என்பவர் ஸ்பெயின் நாட்டுக் குரு; 1663-இல் ரோமுக்கு வந்தவர். 1675-இல் ஆன்ம வழிகாட்டி என்ற சிறு நூலை வெளியிட்டார். ஆரவாரம் வேண்டாம், சடங்கு அடுக்க வேண்டாம், உள்ளத்தை அடக்கிச் சும்மா இரு, இறைவன் தானே வந்து நிரப்புவான் என்பது அதன் சாரம். சும்மா இருப்பதன் சுகத்தைச் சித்தர் வாயிலாகவும் தாயுமானவர் வாயிலாகவும் கேட்டவர்கள் தமிழர்கள். நமக்கு இது புதிதல்ல. ரோமில் சீமாட்டிகளும் கர்தினால்களும் அவரிடம் வந்து குவிந்தார்கள். பதினோராம் இன்னொசென்ட் போப்பாண்டவரே அவருக்கு நண்பர். என்ன பயன்? 1685-இல் கைது. 1687-இல் அவருடைய போதனைகள் என்று 68 கூற்றுகளைத் தொகுத்துக் கண்டனம். ஒழுக்கக் கேட்டுக் குற்றங்களும் சுமத்தப்பட்டன. அந்தச் செப்டம்பரில், ஊர் திரண்டு வேடிக்கை பார்க்க, தம் கொள்கையைத் தாமே மறுக்க வைக்கப்பட்டார். பிறகு ஆயுட்சிறை. 1696-இல் சிறையிலேயே செத்தார்.

பூணூல் போட்டவருக்கு அனுமதி. சும்மா இருக்கச் சொன்னவருக்குச் சிறை. ஏன் இந்த வேறுபாடு? நம் கணிப்பு இது. நொபிலியின் நூல் எந்த அதிகாரத்தையும் அறுக்கவில்லை. மதுரையில் சாதியின் அதிகாரம் அப்படியே இருந்தது. ரோமில் குருவின் அதிகாரமும் அப்படியே இருந்தது. மொலினோசின் மௌனமோ, நடுவில் நிற்கும் குரு எதற்கு, பாவமன்னிப்புப் பெட்டி எதற்கு என்ற கேள்வியைப் பேசாமலே கேட்டுவிட்டது. உடையை மாற்றுகிறவனை அதிகாரம் சகித்துக்கொள்ளும்; தன்னைத் தேவையற்றதாக்குகிறவனைச் சகித்துக்கொள்ளாது.

தீர்ப்பு வந்த அதே 1623-இல் நொபிலி மதுரையை விட்டு வடக்கே நடந்தார். திருச்சி, சேந்தமங்கலம், சேலம் என்று சுற்றினார். சேலத்துக் குறுநில நாயக்கர் குடும்பத்தில் சிலர் அவரிடம் வந்தார்கள். ஆனால் அந்தப் பயணத்தில் அவர் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. யாருக்காக அவர் பூணூல் போட்டாரோ அவர்கள் ஒருவர் இருவராக வந்தார்கள். யாரை விலக்கி வைத்தாரோ அவர்கள் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். திருச்சிப் பகுதியில் பறையர் குலத்துப் பண்டாரம் ஒருவர் திருமுழுக்குப் பெற்று, தன் மக்களைத் தானே திரட்டினார். இரவில் வந்து ஒளிந்து பாடம் கேட்டார்கள் அந்த மக்கள். பகலில் வந்தால் சுவாமியின் பெயர் கெட்டுவிடும்!

துறவி என்ன செய்தார்? வந்தவர்களைத் துரத்தவில்லை, ஏற்றுக்கொண்டார். ஆனால் அவர்களுக்கென்று தனி ஏற்பாடு செய்யப்பட்டது. 1640-இல் பல்தசார் தா கோஸ்தா என்ற பாதிரியார் பண்டார வேடம் பூண்டு புறப்பட்டார். அதுமுதல் மதுரை மிஷனில் இரண்டு வகைக் குருமார். உயர்சாதிக்குச் சந்நியாசி, மற்றவர்க்குப் பண்டாரசாமி. சந்நியாசியைவிடப் பண்டாரசாமிகளிடமே மக்கள் பெருந்தொகையாக வந்தார்கள். பிற்காலத்து அருளானந்தரும் பண்டாரசாமிதான்.

துன்பம் நொபிலியை விடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1640-இல் மதுரையில் அவரும் தோழர் ஒருவரும் சிறையில் அடைக்கப்பட்டார்கள்; உடைமைகள் பறிபோயின. அடுத்த ஆண்டு, திருமலை நாயக்கர் ஆட்சியில், விடுதலை கிடைத்தது. வயதோ அறுபதைத் தாண்டிவிட்டது. ஒருவேளைச் சோற்றில் முப்பதாண்டுகள், உடல் என்னாகும்? கண் மங்கியது. மேலிடம் அவரை மதுரையிலிருந்து எடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. சில ஆண்டுகளுக்குப் பிறகு மயிலாப்பூருக்கு அனுப்பியது. அங்கும் குடிசை, அங்கும் கீரைச் சோறு. கண் தெரியாத நிலையிலும் தம் தமிழ் நூல்களைச் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதினார்கள். இத்தாலிக்குத் திரும்பிப் போக அவர் ஒருநாளும் முயலவில்லை. 1656 ஜனவரி 16-ஆம் நாள், எழுபத்தெட்டாம் வயதில், மயிலாப்பூரிலேயே மறைந்தார். பிரபு வீட்டுச் சொத்தை உதறி வந்தவர் விட்டுச் சென்ற சொத்து ஏடுகள் மட்டுமே. இந்தத் துறவை நாம் மதிக்கிறோம்.

வழக்கு மட்டும் அவரோடு முடியவில்லை. 1703-இல் ரோமிலிருந்து தூர்னோன் என்ற தூதர் புதுச்சேரிக்கு வந்து இறங்கினார். 1704-இல் மதுரை மிஷனின் வழக்கங்கள் பலவற்றைத் தடை செய்தார். அந்தத் தடைப்பட்டியலில் ஓர் அம்சம் முக்கியமானது. நோயுற்றுச் சாகக் கிடக்கும் பறையர் கிறித்துவரின் குடிசைக்குள் குருமார் நுழைந்து சடங்கு செய்ய வேண்டும் என்றார் தூதர். அப்படியானால் அதுவரை என்ன நடந்தது? சாகக் கிடப்பவனை வெளியே தூக்கிவந்து குருவின் முன் கிடத்தினார்கள்! நொபிலியின் வழக்கில் பதின்மூன்று ஆண்டுகள் எவரும் அழுத்திக் கேட்காத கேள்வி, அவர் இறந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்துத்தான் கேட்கப்பட்டது. அதன் மேலும் நாற்பது ஆண்டுகள் வாதம் நடந்தது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் போப்பாண்டவர் இறுதியாகத் தடையை உறுதி செய்தார். உடனே என்ன ஏற்பாடு தெரியுமா? பறையருக்கென்று தனியே சில குருமாரை ஒதுக்குவது! குடிசைக்குள் நுழைந்த குரு வேறு, மற்றவர் வீட்டுக்குள் நுழையும் குரு வேறு.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊர். அங்கே 1872-இல் கட்டிய கோவில், மனிதன் கால்களை அகட்டி நிற்பதுபோல இரண்டு கிளையாகப் பிரிந்தது. ஒரு கிளையில் வேளாளர், மறுகிளையில் நாடார் முதலானோர். கிளைகள் கூடும் இடத்தில் பீடம். ஒரு கூட்டம் மறு கூட்டத்தைப் பார்க்காமலே இருவரும் ஒரே கடவுளைப் பார்க்கலாம். 1910-இல் அங்கிருந்த தடுப்புச் சுவரைக் குருமார் இடித்துத் தள்ளினார்கள். சுவரை இழந்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்; எங்கள் உரிமை பறிபோயிற்று என்றார்கள். மதராஸ் உயர் நீதிமன்றம், கிறித்துவனான பிறகு சாதியின் பேரால் கோவிலில் தனியுரிமை கேட்க முடியாது என்று சொல்லி அனுப்பியது.

சரி, சாதி இல்லை என்று சட்டம் சொல்லிவிட்டதே என்று மகிழ்வதற்குள் 1950 வந்தது. தாழ்த்தப்பட்டோர் பட்டியலைப் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை, இந்து மதத்தைச் சேராதவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை என்றது. 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்துவரான தாழ்த்தப்பட்டவருக்குத் திறக்கவில்லை. சேரியில் அதே தெரு, அதே குடிசை. பட்டியலில் மட்டும் பெயரில்லை. அவர்களுக்கு இடம் கொடுக்கலாமா என்று ஆராய 2022-இல் ஒன்றிய அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது.